காலிகிராஃபி ஸ்கிரிப்ட் எழுத்துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிப் பேனாவால் எழுதியது போலவே தோன்றும், எழுத்துக்கு எழுத்து கைகோத்து ஓடும் ஆங்கில எழுத்துருக்களைப் பற்றி என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அழைப்பிதழ், சான்றிதழ், லேபிள், லோகோ என்று பல வருடங்களாக இவற்றோடு வேலை செய்ததில் தெரிந்துகொண்டவைதான் எல்லாம். பதில்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த வகை எழுத்துருவில் முதலில் பார்க்க வேண்டியது ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் பேனா போகும் அந்தச் சின்ன வழியை. அது கெட்டால் மீதி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

காலிகிராஃபி ஸ்கிரிப்ட் என்றால் எது? சாய்வாக இருக்கும் எல்லா ஃபான்ட்டும் அதுதானா?

இல்லை. சாய்வெழுத்து என்று நாம் சொல்லும் இட்டாலிக் வேறு, ஸ்கிரிப்ட் வேறு. இட்டாலிக் எழுத்துகள் சாய்ந்திருந்தாலும் தனித்தனியாக நிற்கும், ஒரு பத்தி முழுக்கப் படிக்கலாம். ஸ்கிரிப்ட்டில் பேனா தாளை விட்டு எடுக்காமல் எழுதிய உணர்வு வர வேண்டும். அதிலும் காலிகிராஃபி ஸ்கிரிப்ட் என்றால், அவசரமாகக் கிறுக்கிய கையெழுத்தோ பிரஷ்ஷால் இழுத்த விளம்பரப் பலகை எழுத்தோ கிடையாது, பயிற்சி பெற்ற கை நிதானமாக எழுதிய எழுத்து. தடித்த கோடும் மயிரிழைக் கோடும் மாறி மாறி வருவதும், கேபிட்டல் எழுத்துகள் சின்ன எழுத்துகளைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொண்டு சுழல்வதும் இதன் அடையாளங்கள்.

கூர் நிப், பட்டை நிப் என்று பிரிக்கிறார்களே, ஃபான்ட் தேடுகிறவனுக்கு அது எதற்கு?

கட்டாயம் தேவை, ஏனென்றால் இரண்டின் குணமும் வேறு.

பட்டை நிப்பின் முனை உளி போலத் தட்டையாக இருக்கும். எழுதுகிறவர் அதை ஏறத்தாழ ஒரே கோணத்தில், பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள், பிடித்துக்கொண்டே போவார். கோடு எந்தத் திசையில் போகிறதோ அதற்கேற்பத் தடிமன் தானாக மாறும். கையின் அழுத்தத்துக்கு இதில் பெரிய வேலை இல்லை. இந்த எழுத்தில் ஒரு பழமையும் உறுதியும் இருக்கும், ஓரளவு சின்ன அளவிலும் தாங்கும்.

கூர் நிப் நேர்மாறானது. முனை ஊசி மாதிரி, நடுவில் ஒரு பிளவு. கீழே இழுக்கும்போது அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏறும்போது அழுத்த முடியாது, அழுத்தினால் முனை தாளைக் குத்திவிடும், அதனால் ஏறும் கோடு எப்போதும் மெல்லியது. இதில் எழுதிய பாணியைக் காப்பர்பிளேட், ரவுண்ட்ஹேண்ட் என்றெல்லாம் சொல்வார்கள். சாய்வு எழுத்து உட்காரும் கோட்டிலிருந்து ஏறத்தாழ 55 பாகை, நாம் வழக்கமாகப் பார்க்கும் இட்டாலிக்கைவிட மிக அதிகமான சாய்வு. மென்மை, ஆடம்பரம், சடங்குத்தன்மை வேண்டும் என்றால் இதைத்தான் எடுப்பார்கள்.

இறங்கினால் தடிமன், ஏறினால் மெலிவு. இதை மனதில் வைத்துக்கொண்டு கூர் நிப் பாணி ஃபான்ட் எதையும் பாருங்கள். ஏறும் கோடு தடித்திருந்தால் அதை வரைந்தவர் பேனாவைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்று தாராளமாக முடிவு செய்யலாம்.

காப்பர்பிளேட் என்று தேடினால் தடித்த கேபிட்டல் எழுத்துகள் வருகிறதே?

அது காப்பர்பிளேட் காதிக், 1901இல் ஃபிரெடெரிக் கௌடி வரைந்தது. பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் ரவுண்ட்ஹேண்ட் என்றோ, தேடும் சொல்லோடு ஸ்கிரிப்ட் என்று சேர்த்தோ தேடுங்கள்.

இந்த எழுத்துகளின் கதை எங்கே தொடங்குகிறது?

அச்சு எழுத்து கையெழுத்தைப் பிடிக்க முயன்ற கதை இது. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ முதல் இட்டாலிக்கை ஈய அச்செழுத்துக்காக வெட்டினார், அன்றைய படித்தவர்களின் ஓட்டக் கையெழுத்தைப் பார்த்து. 1522இல் லுடோவிகோ அரீகி ரோமில் கையெழுத்துப் பயிற்சிக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார், இன்றும் பட்டை நிப் பழகுகிறவர்கள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். 1557இல் லியோன் நகரில் ராபர்ட் கிரான்ஜோன் சிவிலிதே என்ற எழுத்தை வெட்டினார், பிரெஞ்சுக் கையெழுத்தை அப்படியே ஈயத்தில் கொண்டுவரும் துணிச்சலான வேலை.

அடுத்த பெரிய கட்டம் செப்புத்தகடு. ஈய அச்சில் முடியாத மயிரிழைக் கோட்டைச் செப்பில் செதுக்க முடியும் என்பதால், கையெழுத்து கற்பிக்கும் எழுத்தாசிரியர்கள் தங்கள் எழுத்தைச் செதுக்கி மாதிரி நூல்களாக விற்றார்கள். லண்டனில் ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தி யூனிவர்சல் பென்மேன்’ அந்த வகையின் உச்சம். 1997இல் அடோபி என்ற மென்பொருள் நிறுவனத்துக்காக ரிச்சர்ட் லிப்டன் வரைந்த பிக்கம் ஸ்கிரிப்ட் எழுத்துரு அங்கிருந்துதான் பெயரும் வடிவமும் எடுத்துக்கொண்டது.

ஈய எழுத்துக்கு ஒரு தீராத சிக்கல் இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் செவ்வகக் கட்டையின் தலையில் இருக்கும், ஆனால் ஸ்கிரிப்ட்டோ சாய்ந்து பக்கத்து எழுத்தின் இடத்துக்குள் நுழையும். கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பாகம் அச்சில் ஒடிந்துபோகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரீஸில் ஃபிர்மான் டிடோ கட்டையையே சாய்வாக வார்த்துப் பார்த்தார், எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது. ஈயத்துக்குப் பதில் ஒளிப்படச் சுருளில் எழுத்தமைக்கும் ஒளியச்சு வந்த பிறகுதான் கட்டை என்ற ஒன்றே இல்லாமல் போனது. 1960களில் மேத்யூ கார்ட்டர், சார்ல்ஸ் ஸ்னெல் என்ற பழைய எழுத்தாசிரியரின் எழுத்தை வைத்து ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் வரைந்தபோது, இணைப்புகள் தடயமே இல்லாமல் ஒட்டின. அது இன்றும் ஆப்பிள் கணினிகளில் கூடவே வருகிறது.

ஸாப்ஃபினோ எழுத்துருவை ஏன் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள்?

ஹெர்மன் ஸாப்ஃப் 1918இல் பிறந்த ஜெர்மானியர், பலட்டினோ, ஆப்டிமா என்ற எழுத்துருக்களும் அவர் வரைந்தவைதான். அவர் 1944இல் தன் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் எழுதிவைத்த எழுத்தைத்தான் பிற்பாடு எழுத்துருவாக்க நினைத்தார். ஈயத்தில் அந்தச் சுதந்திரம் கிடைக்கவில்லை, மேலும் கீழும் அவ்வளவு தூரம் வீசும் கோடுகளுக்குக் கட்டையில் இடம் ஏது? கடைசியில் 1998இல், அவருக்கு 80 வயதாகும் சமயத்தில், லைனோடைப் நிறுவனம் வழியாக ஸாப்ஃபினோ வெளிவந்தது.

அதன் சிறப்பு என்னவென்றால், ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உள்ளே இருக்கின்றன. கையால் எழுதும்போது நாம் ஒரே எழுத்தை இரண்டு முறை அச்சு அசலாக எழுதுவதில்லை. பக்கத்தில் எது வருகிறது, வரியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக் கை தானே மாற்றிக்கொள்ளும். ஸாப்ஃப் அந்த மாற்றங்களையும் வரைந்துவைத்தார். ஆப்பிளில் வரும் பதிப்பில் ஸாப்ஃபினோ என்ற பெயரையே ஆங்கிலத்தில் டைப் செய்து பாருங்கள், கடைசி எழுத்தை அடித்ததும் மொத்தப் பெயரும் ஒரே கூட்டெழுத்தாக உருமாறும். முதல்முறை பார்த்தபோது அழித்து அழித்துப் பத்து முறை டைப் செய்தேன்.

இப்படி ஒன்றை எப்படி வரைகிறார்கள்?

முதலில் தாளும் பேனாவும். ஒவ்வோர் எழுத்தையும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், தனி எழுத்தாக மட்டும் எழுதினால் போதாது, சொல்லுக்குள் எழுத வேண்டும், ஏனென்றால் தனியாக எழுதிய எழுத்தில் கை எங்கிருந்து வந்தது எங்கே போகிறது என்பது இருக்காது. அதில் நன்றாக விழுந்தவற்றை ஸ்கேன் செய்து, மேலே வளைகோடுகளால் வரைவார்கள். புள்ளிகள் எவ்வளவு குறைவோ வளைவு அவ்வளவு வழவழப்பாக வரும். வளைவின் மிக மேலான, மிகக் கீழான, இடது ஓர, வலது ஓர இடங்களில் புள்ளி வைப்பது வழக்கம். ஸ்கேனைத் தானாக டிரேஸ் செய்யும் வசதியில் விட்டால் நூற்றுக்கணக்கான புள்ளிகளோடு மேடும் பள்ளமுமான ஓரம்தான் கிடைக்கும், பெரிதாக அச்சிட்டால் அது அப்படியே தெரியும்.

அப்புறம்தான் உண்மையான வேலை: இணைப்பு. ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் பெரும்பாலானவை எழுத்து உட்காரும் கோட்டுக்குப் பக்கத்தில் முடிந்து அடுத்த எழுத்துக்கு ஏறும். அதனால் எல்லா எழுத்தின் வெளியேறும் கோட்டையும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில், ஒரே தடிமனில் வெட்டிவிட்டால் எதற்குப் பின் எது வந்தாலும் ஒட்டும் என்று தோன்றும். ஆனால் ஓ, வி, டபிள்யூ மூன்றும் மேலே முடிகின்றன. ஓவுக்குப் பின்னால் ஆர் வந்தால் பேனா கீழே இறங்காது, மேலேயே ஒரு சின்னத் தொட்டில் போட்டுக்கொண்டு தாவும். ஓவுக்குப் பின்னால் இ வந்தால் அதே தொட்டில் இன்னும் ஆழமாக இறங்கி ஏற வேண்டும், இல்லாவிட்டால் இயின் கண் மூடிவிடும். எஸ் எழுத்தோ எதற்குள் நுழைந்தாலும் ஒரு முடிச்சு போடப் பார்க்கும். நல்ல வடிவமைப்பாளர் இந்த ஜோடிகளுக்கென்றே தனி வடிவங்கள் வரைந்து, எது எப்போது வர வேண்டும் என்று எழுத்துருவுக்குள் விதி எழுதிவைப்பார். இதில் மாதங்கள் போகும், பயனாளர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் வெற்றி.

இன்னொன்று, உள்ளே இருக்கும் வெள்ளை. தடித்த இறங்குகோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்கள் சம தாளத்தில் விழ வேண்டும். ஒன்று அகலமாகவும் அடுத்தது நெருக்கமாகவும் இருந்தால் சொல் தடுக்கித் தடுக்கி நடக்கும்.

விளம்பரப் படத்தில் பார்த்தது போல எனக்கு வரவில்லையே, வாங்கிய ஃபான்ட் போலியா?

அனேகமாக இல்லை. 1990களின் இறுதியில் மைக்ரோசாஃப்டும் அடோபியும் கொண்டுவந்த ஓப்பன்டைப் வடிவத்தில், ஒரே கோப்புக்குள் மாற்று வடிவங்களும் அவற்றுக்கான விதிகளும் அடங்கும். அந்த விதிகளை இயக்குவது நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள். அது இயக்காவிட்டால் வெறும் அடிப்படை வடிவம்தான் வரும்.

அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் ஓப்பன்டைப் பலகமும் கிளிஃப்ஸ் பலகமும் இருக்கின்றன, முதலில் பக்கத்து எழுத்துக்கேற்ப வடிவம் மாறும் சூழல் மாற்றுகளும் கூட்டெழுத்துகளும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். வேர்டில் ஃபான்ட் உரையாடலின் அட்வான்ஸ்டு பக்கத்தில் அதே வசதி இருக்கிறது, பலர் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. உங்கள் மென்பொருளில் எதுவுமே இல்லை என்றால், வசதியுள்ள ஒன்றில் சொல்லை அமைத்து, வெக்டார் வடிவமாக, அதாவது டைப் செய்த எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டுருவமாக, மாற்றிக் கொண்டுவந்து ஒட்டுவதுதான் வழி.

சுழல் வால்கள் எத்தனை போடலாம்?

ஒரு சொல்லில் ஒன்று. மிஞ்சிப்போனால் முதலெழுத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஸ்வாஷ் என்பது பாட்டில் ஒரு நீண்ட இழுப்பு மாதிரி, எல்லா அடியிலும் இழுத்தால் பாட்டே காணாமல் போகும். எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே வால் போகட்டும், மேல்வரியின் கீழ்க்கொம்பும் கீழ்வரியின் மேல்கொம்பும் மோதும் இடத்தில் வேண்டவே வேண்டாம். சொல்லின் நடுவில் ஸ்வாஷ் வடிவத்தைப் போட்டால் இணைப்பு உடையும், அதையும் கவனியுங்கள்.

முழுக்கக் கேபிட்டலில் எழுதலாமா?

கூடாது. கூடவே கூடாது. இந்தக் கேபிட்டல்கள் ஒவ்வொன்றும் சொல்லின் வாசலில் தனியாக நிற்க வரையப்பட்டவை, பக்கத்தில் இன்னொரு கேபிட்டலை எதிர்பார்த்து வரையப்பட்டவை அல்ல. ஒருமுறை சான்றிதழ் வேலை ஒன்றில், பெயர்ப்பட்டியல் மொத்தமும் கேபிட்டலில் வந்ததை யாரும் மாற்றாமல் அப்படியே ஸ்கிரிப்ட்டில் அச்சாகிவிட்டது. மேடையில் வாசிக்க வேண்டியவர் இரண்டாவது பெயரிலேயே நின்றுவிட்டார். பெயருக்கு உரியவர் கீழே உட்கார்ந்திருக்கிறார், தன் பெயர் தடுமாறுவதைக் கேட்டுக்கொண்டு. அன்றிலிருந்து பட்டியல் கைக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை அதைச் சின்ன எழுத்துக்கு மாற்றுவதுதான். வேறு வழியே இல்லாத, எல்லாமே முன்னெழுத்துகளாக இருக்கும் பெயர் என்றால், முன்னெழுத்துகளை நேரான எழுத்துருவில் போடுங்கள்.

எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி கூட்டினால் நன்றாகப் படிக்க முடியுமே?

இணைப்புள்ள ஸ்கிரிப்ட்டில் இடைவெளி கூட்டினால் ஒவ்வோர் இணைப்பும் அறுந்து, துண்டு துண்டாகத் தொங்கும். குறைத்தாலும் அதேதான், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முடிச்சு விழும். இடைவெளி பூஜ்யமாகவே இருக்கட்டும். படிக்க முடியவில்லையா, அளவைக் கூட்டுங்கள், அல்லது சொற்களுக்கு இடையேயான வெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். உலாவிகளில் இன்னொரு விஷயமும் நடக்கும்: எழுத்து இடைவெளியை நீங்கள் மாற்றினால் கூட்டெழுத்துகளையும் உலாவி நிறுத்திவிடும்.

எந்த அளவில் போடுவது?

மற்ற எழுத்துருவில் போடும் எண்ணை இங்கே நம்ப வேண்டாம். கூர் நிப் பாணியில் சின்ன எழுத்தின் உடல் மிகக் குள்ளம், கொம்புகளும் வால்களும்தான் உயரத்தை எடுத்துக்கொள்கின்றன. 12 புள்ளியில் நேரான எழுத்துரு வசதியாகப் படிக்கும் இடத்தில், ஸ்கிரிப்ட்டுக்கு 20, சிலவற்றுக்கு 24கூடத் தேவைப்படும். எண்ணைப் பார்க்காமல், பக்கத்திலுள்ள எழுத்துருவின் சின்ன எழுத்தின் உடலோடு இதன் உடலை ஒப்பிட்டு அளவு வையுங்கள். வரி இடைவெளியும் தாராளமாக வேண்டும், குறிப்பாக ஸாப்ஃபினோ போன்றவற்றுக்கு.

போலி போல்டு பொத்தானை அழுத்தாதீர்கள். அது எல்லாக் கோட்டுக்கும் ஒரே அளவு சதை போடும், தடிமனுக்கும் மெலிவுக்கும் உள்ள உறவு போய்விடும். போலி இட்டாலிக்கும் அப்படியே, ஏற்கெனவே சாய்ந்ததை மேலும் கவிழ்க்கும்.

எதற்கெல்லாம் பொருந்தும்?

சில சொற்களுக்கு. அவ்வளவுதான் அடிப்படை. அழைப்பிதழில் பெயர்கள், சான்றிதழில் பெறுபவர் பெயர், வாசனைத் திரவியம் சாக்லேட் போன்றவற்றின் லேபிளில் ஒரு வரி, அத்தியாயத்தின் முதலெழுத்து, நன்றி அட்டையில் ‘நன்றி’ என்ற ஒற்றைச் சொல். கண் மெதுவாகப் படிக்கத் தயாராக இருக்கும் இடங்கள் இவை.

முகவரி, தேதி, நேரம், தொலைபேசி எண், மருந்தளவு, எச்சரிக்கை, விதிமுறை எதுவும் இதில் வேண்டாம். ஒன்றும் ஏழும் குழம்பினால் விருந்தாளி தவறான நாளில் வந்து நிற்பார். பத்தியாக நீளும் எதுவும் வேண்டாம்.

துணைக்கு எந்த எழுத்துரு?

அடக்கமானது. கூர் நிப் பாணி ஸ்கிரிப்ட்டோடு, தடித்த மெல்லிய வேறுபாடு கூர்மையாக உள்ள செரிஃப் எழுத்துரு (கோட்டு முனைகளில் சின்னப் பாதம் உள்ளது), அதாவது டிடோ, பொடோனி வகை, நன்றாகப் பேசும், ஏனென்றால் அவையும் அதே கூர் முனையின் காலத்தில் பிறந்தவை. பட்டை நிப் ஸ்கிரிப்ட்டோடு கேரமான் போன்ற பழைய பாணி செரிஃப். சந்தேகமாக இருந்தால் அந்தப் பாதம் இல்லாத எளிய சான்ஸ் செரிஃப் ஒன்று, கொஞ்சம் சின்னதாக. இரண்டு ஸ்கிரிப்ட்டுகளை ஒரே பக்கத்தில் வைத்து நன்றாக வந்ததை நான் பார்த்ததே இல்லை.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மயிரிழைக் கோடு. திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஏமாறாமல், உண்மையான அளவில் தாளில் எடுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டை நான்கு நிறக் கலவையில் அச்சிட்டால், தட்டுகள் ஒரு முடியளவு விலகினாலும் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப்பார்க்கும், வெளிர் நிறமாக இருந்தால் கோடு புள்ளி புள்ளியாகச் சிதறும். ஒரே மையில், முழு அடர்த்தியில் அச்சிடுவது பாதுகாப்பானது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் மை உள்ளே பரவி மயிரிழையை விழுங்கும், அதற்குச் சற்றுத் தடித்த வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபாயில் (பளபளக்கும் உலோகப் படலத்தைப் பதிப்பது), எம்பாஸிங் (தாளைப் புடைக்க வைப்பது), லெட்டர்பிரஸ் (எழுத்தைத் தாளில் அழுத்திப் பதிப்பது) என்று போனால் அவர்களால் தாங்கக்கூடிய மிக மெல்லிய கோடு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். சொரசொரப்பான தாளில் ஃபாயில் மயிரிழை அங்கங்கே விட்டுப்போகும். கோப்பை அனுப்பும் முன் எழுத்தை வெக்டார் வடிவமாக மாற்றிவிடுங்கள், ஆனால் திருத்தக்கூடிய பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு.

வினைல், லேசர் வெட்டில் சொல் துண்டு துண்டாக வருகிறது, ஏன்?

கண்ணுக்கு ஒரே கோடாகத் தெரிந்தாலும் உள்ளே ஒவ்வோர் எழுத்தும் தனி வடிவம்தான், ஒன்றின் வால் அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏறிப் படுத்திருக்கும். இயந்திரம் ஒவ்வொன்றின் ஓரத்தையும் தனியாக வெட்டும். வெக்டாராக மாற்றிய பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க வேண்டும், இல்லஸ்ட்ரேட்டரில் யுனைட், வெட்டும் மென்பொருள்களில் வெல்ட். எழுத்துக்குப் பாதி ஒளிபுகும் நிறம் கொடுத்தால் இணைப்புகளில் அடர்த்தியான திட்டுகள் தெரிவதும், எழுத்தைச் சுற்றி ஓரக்கோடு போட்டால் நடுவில் குறுக்குக் கோடுகள் வருவதும் இதே காரணத்தால்தான்.

இணையதளத்தில் போடலாமா?

முகப்பில் ஒரு தலைப்புக்குப் போடலாம். மாற்று வடிவங்கள் நிறைய உள்ள கோப்பு கனமாக இருக்கும், தேவையான எழுத்துகளை மட்டும் வைத்து மற்றதைக் கழித்துவிட்டால் இறங்கும் வேகம் கூடும். கழிக்கும்போது ஓப்பன்டைப் விதிகளையும் சேர்த்துக் கழித்துவிடாதீர்கள். நீண்ட கொம்புகள் பெட்டிக்கு வெளியே போய் வெட்டுப்படுவது அடிக்கடி நடக்கும், மேலும் கீழும் இடம் விடுங்கள். சின்னக் கைபேசியில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சமூக வலைத்தளங்களில் பெயருக்குப் போடும் அந்தச் சுருள் எழுத்தும் ஃபான்ட்தானா?

கிடையாது. அவை கணிதச் சமன்பாடுகளுக்காக 2001இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட தனிக் குறியீடுகள், எழுத்து மாதிரி தெரிகின்றன, அவ்வளவுதான். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் அவற்றைக் குறியீடு குறியீடாக உச்சரிக்கலாம், அல்லது தாண்டிப் போய்விடலாம். தேடலிலும் பல இடங்களில் சிக்காது. உங்கள் பெயரை எல்லோரும் கேட்கவும் கண்டுபிடிக்கவும் வேண்டும் என்றால் சாதாரண எழுத்தில் எழுதுங்கள்.

லோகோவாக அப்படியே டைப் செய்து வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அதே எழுத்துருவை இன்னும் ஆயிரம் பேர் வைத்திருப்பார்கள். டைப் செய்ததைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு இணைப்புகளைக் கையால் திருத்துங்கள், ஒரு வாலை மாற்றுங்கள். மிகச் சின்ன அளவுக்கென்று மயிரிழை தடித்த தனிப் பிரதி ஒன்றும் வேண்டும்.

தமிழில் டைப் செய்தால் ஏன் வேறு எழுத்து வருகிறது? தமிழுக்கு இப்படி இல்லையா?

ஆங்கில ஸ்கிரிப்ட் கோப்பில் தமிழ் எழுத்துகளே இருக்காது, அதனால் கணினி தன்னிடம் உள்ள வேறு தமிழ் எழுத்துருவைக் கொண்டுவந்து நிரப்பும்.

தமிழுக்கு வரைவது வேறு மாதிரியான சவால். நம் எழுத்துகள் இணைந்து ஓடுவதில்லை, தனித்தனியாக நிற்கின்றன. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்தில் தடிமன் மெலிவு என்ற பேதமும் இல்லை. அதனால் ஆங்கிலத்தின் கூர் நிப் இலக்கணத்தைத் தூக்கி வந்து ஒட்டினால் ‘ண’வின் சுழிகளில் தடிமன் தப்பான இடத்தில் விழும். ஆனால் வீசுவதற்கு இடம் நிறைய இருக்கிறது: ழகரத்தின் கீழ்வால், ‘தி’யின் மேல்கொக்கி, ‘ரு’வின் சுழி, கொம்புகளின் தலை. இணைப்பை விட்டுவிட்டு இந்த இடங்களிலிருந்து தொடங்கினால் நம் எழுத்துக்கே உரிய ஓட்டம் கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இலவசமாகக் கிடைப்பதை வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா?

உரிமத்தைப் படிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தால் விற்கும் பொருளில் போடக் கூடாது. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் உள்ளவற்றை வணிக வேலையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது. கிரேட் வைப்ஸ், பின்யன் ஸ்கிரிப்ட் இரண்டும் அந்த உரிமத்தில் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். காசு கொடுத்து வாங்குவதிலும் கணினி, இணையதளம், செயலி என்று உரிமங்கள் பிரிந்திருக்கும்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

விற்பவர் காட்டும் சொல்லைப் பார்க்காதீர்கள், அது அழகாக விழும் என்று தெரிந்துதான் போட்டிருப்பார். உங்களுக்குத் தேவையான பெயர்களை டைப் செய்யுங்கள். ஓஆர், ஓஎஸ், டபிள்யூஆர், விஇ ஜோடிகள் வரும் சொற்களைப் போடுங்கள். இரட்டை எல், இரட்டை எஸ், இரட்டை டி. எண்களையும் அடைப்புக்குறியையும் மறக்காதீர்கள், அவசரமாகச் செய்த எழுத்துருக்களில் இவைதான் அனாதையாகத் தெரியும். அச்சிட்டு, மேலே பென்சிலால் எழுதிப் பாருங்கள், கை எங்கே இடறுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

நானே ஒன்று வரைய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நிப், ஒரு மைப்புட்டி, சாய்வுக்கோடு போட்ட தாள். சில மாதங்கள் எழுதுங்கள். கணினிக்கு வரும்போது ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், மேக் வைத்திருப்பவர்கள் கிளிஃப்ஸ் மென்பொருளை விரும்புகிறார்கள். சின்ன எழுத்தில் என், ஓ இரண்டை மட்டும் முதலில் முடியுங்கள். என்னின் வளைவு எம், எச், ஆர், யூ எல்லாவற்றுக்கும் உதவும், ஓவின் வளைவிலிருந்து ஏ, டி, ஜி, கியூ பிறக்கும். பிறகு ஐ, எம், யூ மூன்றையும் சேர்த்துக்கொண்டு ‘மினிமம்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துப் பாருங்கள். வரிசையாக வரும் அந்த இறங்குகோடுகளும் நடுவிலுள்ள வெள்ளையும் சம தாளத்தில் விழும் வரை அதையே திருத்துங்கள். கேபிட்டல்கள் கடைசி.